எழுதத் துணை தேடுதல் இழுக்கன்று



ஆண்டு மலருக்கு ஒரு கல்விக் கட்டுரை எழுதித் தருமாறு நம் நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் "கல்வியின் சிறப்பு" என்றொரு தலைப்பில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால், கல்வி சிறந்தது என்பதை அறியாதார் நம்முள் எவரும் இலர். பிள்ளைகள் கல்லூரிப் படியேறிய பின் எங்கே கால் இடறுகிறார்கள் என்பதைத்தான் நாம் அறிந்தோமில்லை. அவ்விடத்தை நான் கண்டுகொண்டது என் சொந்தத் தவறு ஒன்றினால். வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன் செய்த பிழை நாலு பேருக்குப் பாடமானால் நல்லதுதானே!

நான் செய்த பிழை

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் இங்கே செந்தூலிலேயே குடியிருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதற்பிள்ளை அவள்தான். ஒரு நாள் மாலை அவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சார், பாப்பாவுக்கு இடுபணி எழுத வரலையாம். ரெண்டு நாளா அழுதுகிட்டே இருக்கா. நீங்கதான் பார்த்துக் கொடுக்கணும்" என்றார்.

"பட்டணத்தின் ஒரு பகுதி காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதை ஆராய்க" என்பது பொருள். ஆங்கிலத்தில் 1,500 சொற்கள் எழுத வேண்டும். அவள் செந்தூலை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதியிருந்தாள். நான் படித்துப் பார்த்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. கருத்துகள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. நாற்பது ஆண்டு சிவப்பு மை பிடித்த கை சும்மா இருக்குமா? அன்றிரவே உட்கார்ந்து திருத்தத் தொடங்கினேன். முதலில் சொற்களைத் திருத்தினேன். பிறகு வாக்கியங்களை மாற்றினேன். நள்ளிரவு தாண்டியபோது அவளுடைய கட்டுரையில் அவளுடையதென்று தலைப்பும் பெயரும்தாம் எஞ்சியிருந்தன. "தாத்தா, ரொம்ப நன்றி" என்று அவள் வாங்கிக்கொண்டு போனபோது பெரிய புண்ணியம் செய்துவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

பத்து நாள் கழித்து அவளை விரிவுரையாளர் தனியே அழைத்தார். கட்டுரையில் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக் காட்டி, "இதற்கு என்ன பொருள்? உன் சொற்களில் சொல்" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாக்கியத்தையும் கேட்டார். அதற்கும் மௌனம். யார் எழுதியது என்று அவர் கேட்க, அவள் தலை குனிந்து நின்றாள். என் பெயரை அவள் சொல்லவில்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. அந்த விரிவுரையாளர் நல்ல மனிதர். மேலிடத்துக்கு எழுதாமல், இரண்டு வாரத்துக்குள் தானே எழுதிக்கொண்டு வருமாறு ஒரு வாய்ப்புத் தந்தார். ஆனால் பெண் வீட்டுக்கு வந்து, "எனக்குப் படிப்பு சரிப்படாது, வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிப் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டாள்.

அவள் தகப்பனார் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

மூன்று மொழிகளின் நடுவே

இந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றோ, அறிவு குறைந்தவள் என்றோ எவரும் எண்ணிவிடலாகாது. நம் பிள்ளைகள் நடந்து வரும் பாதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தாய்மொழியில் கற்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் தேசிய மொழியில் கற்கிறார்கள். கல்லூரிக்கு, அதிலும் தனியார் கல்லூரிக்குப் போனால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பின் இத்தகைய கல்லூரிகள் பல்கிப் பெருகின. அரசாங்கப் பல்கலைக்கழகம் செல்வோர்க்கும் 1999 முதல் 'முவெட்' எனப்படும் ஆங்கிலத் தேர்வு உண்டு. 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட அத்தேர்வில் எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். அதற்குள் 100 சொல்லில் ஒரு கடிதமும் 250 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

என் காலத்திலும் இந்த இடர்ப்பாடு இருந்தது. 1971-இல் தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, ஆங்கிலம் வழிப் போதித்த இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். எனக்குக் கீழே படித்தவர்கள் வேறு பாதையில் சென்றார்கள். 1970-இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. 1980-களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தையும் எட்டியது. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் ஒரு மொழியில் கற்று மறு மொழியில் எழுத வேண்டியதாயிற்று.

அதனால் நம் பிள்ளைகளின் பிழைகளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மலாய் மொழியில் பன்மையைக் காட்டச் சொல்லை இரட்டிப்பார்கள். ஆனால் எண் முன்னால் வந்துவிட்டால் இரட்டிப்பதில்லை. 'திகா பூக்கு' என்றால் போதும். நம் பேச்சுத் தமிழிலும் 'மூணு புத்தகம்' என்றுதானே சொல்கிறோம்? இரண்டு மொழியும் இப்படிச் சொல்லித் தர, பிள்ளை ஆங்கிலத்திலும் 'திரீ புக்' என்று எழுதுகிறது. அதைப் போலவே மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'சுடா', 'செடாங்', 'அக்கான்' என்னும் தனிச்சொற்கள் காலத்தைக் காட்டிவிடும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது இறந்த காலமும் நிகழ்காலமும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். நாம் கதை சொல்லும்போதும் காரணங்களை எல்லாம் அடுக்கிவிட்டு முடிவைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலக் கல்லூரிக் கட்டுரையோ, சொல்ல வந்த முடிவைப் பத்தியின் தலைப்பிலேயே எதிர்பார்க்கிறது. நம் பிள்ளை நான்காம் பக்கத்தில் வைத்த வைரத்தைத் தேடும் பொறுமை விரிவுரையாளருக்கு இருப்பதில்லை.

திருத்தம் பெற்ற பெரியோர்

"பிறரிடம் காட்டித் திருத்திக்கொள்வது கேவலம்" என்பது நம் பிள்ளைகளின் மனத்தில் ஆழப் பதிந்துள்ள எண்ணம். நம் மரபோ நேர்மாறானது.

கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியாரைப் பற்றிய செவிவழி வரலாற்றை நம் அன்பர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். காஞ்சிக் குமரகோட்டத்தில் அவர் நாள்தோறும் நூறு பாடல்கள் எழுதி, இரவில் முருகப் பெருமான் திருமுன் வைத்து நடை சாத்துவாராம். காலையில் திறந்து பார்த்தால் ஏட்டில் திருத்தங்கள் காணப்படுமாம். அரங்கேற்றத்தின்போதோ முதற்பாடலின் தொடக்கச் சொற்புணர்ச்சிக்கே இலக்கணம் இல்லை என்று அவையில் தடை எழுந்தது. பின்னர் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்திலிருந்து விதியைக் காட்டித் தடையை நீக்கினார் என்றும், வந்தவர் முருகனே என்றும் சொல்வார்கள்.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடிய புலவரும் தம் ஏட்டை இன்னொருவர் பார்வைக்கு வைத்தார். இரண்டாவது, எழுதி வைத்த ஏட்டுக்குத்தான் திருத்தம் கிடைத்தது. வெற்றேட்டை வைத்துவிட்டு வந்து உறங்கவில்லை. மூன்றாவது, அவையிலே எழுதியவர் தாமே நின்று விடை சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த கட்டுரையோடு அந்தப் பெண் விரிவுரையாளர் முன் நின்றாளே, அந்த நிலை எவ்வளவு கொடிது என்பது இதை எண்ணியபோதுதான் எனக்குப் புரிந்தது.

மாணவருக்கு மூத்த மாணவர் துணை செய்வதும் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறியாதார் யார்? ஆசிரியர் இல்லாத வேளையில் இளையோர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவன் அவனே. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காமற்போகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க வைத்தார். அது வெற்றி பெற்றது. 1797-இல் இலண்டனில் அவர் அதைப் பற்றி நூல் வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

கல்லூரிகளில் எழுத்துத் துணை

இன்று உலகெங்கும் பல கல்லூரிகளில் எழுத்துத் துணைக்கென்று தனி அறை இருக்கிறது. அமெரிக்காவில் 1930-களிலேயே இத்தகைய எழுத்துக் கூடங்கள் தோன்றின. 1934-இல் ஐயோவா பல்கலைக்கழகத்திலும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலும் இருந்தன. பெர்டியூ பல்கலைக்கழகம் 1976-இல் ஒரு கூடத்தைத் தொடங்கி, 1994-இல் அதன் பாடக் குறிப்புகளை இணையத்தில் யாவரும் படிக்குமாறு வைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அவற்றை இன்றும் காசின்றிப் படிக்கலாம்.

இத்துறையில் நமக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி நியூயார்க்கில் நடந்தது. 1970-இல் அந்நகரப் பல்கலைக்கழகம், உயர்நிலைப்பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும், வீட்டில் வேற்றுமொழி பேசுவோரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்போரும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். "இவர்களுக்கு எழுத வராது" என்று பலர் கை விரித்தார்கள். அங்கே சிட்டி கல்லூரியில் பணியாற்றிய மினா ஷானசி என்னும் அம்மையார் அவ்வாறு சொல்லவில்லை. அந்த மாணவர்கள் எழுதிய நான்காயிரம் கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்தார். அவர்களின் பிழைகள் கண்மூடித்தனமானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தருக்கம் இருக்கிறது என்று கண்டறிந்து 1977-இல் நூலாக எழுதினார். மேலே நான் சொன்ன 'மூணு புத்தகம்' எடுத்துக்காட்டை அவர் பார்வையோடு வைத்துப் பாருங்கள். காரணம் தெரிந்த பிழையைத் திருத்துவது எளிது.

அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரஃபி என்பவர், ஆசிரியரிடம் வர அஞ்சும் மாணவனும் சக மாணவனிடம் வருவான் என்பதை உணர்ந்து, மாணவர்களையே எழுத்துத் துணைவர்களாகப் பயிற்றுவித்தார். நம் சட்டாம்பிள்ளை புரூக்ளின் வரை போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது! பின்னர் 1984-இல் ஸ்டீபன் நார்த் என்னும் பேராசிரியர் ஒரு கட்டுரையில் இத்தகைய அறைகளின் நோக்கத்தைத் தெளிவுபடுத்தினார். கையிலிருக்கும் தாளைச் செப்பனிடுவதைவிட, எழுதுகிற ஆளைத் தேர்ச்சியடையச் செய்வதே நோக்கம் என்பது அவர் கருத்தின் சாரம்.

என் தகப்பனாருக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. அவர் செந்தூல் இரயில்வே பட்டறையில் பிட்டர். புதிதாய் வரும் பையன்கள் இரும்பை அரத்தால் தேய்க்கும்போது கோணிப் போகும். அவர் ஒருபோதும் அரத்தைப் பிடுங்கித் தாமே தேய்த்துக் கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்று, "எங்கே உயரமா இருக்கு, தடவிப் பார்" என்பாராம். "நான் தேய்ச்சுக் கொடுத்தா அன்னிக்கு வேலை முடியும். நாளைக்கு அவன் கை என்ன செய்யும்?" என்று வீட்டில் சொல்வார். அவர் பிள்ளை நான். ஆனாலும் அன்றிரவு அரத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாடி அறை

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். "தப்பு என்னுடையது, அம்மா. உன்னுடையதன்று" என்றேன். அவள் பேசவில்லை. "உங்கள் கல்லூரியில் எழுத்துக்கு உதவும் இடம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். உண்டாம். நூலகத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். இரண்டு தவணைகளாக அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறாள். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

"அது மக்குப் பிள்ளைங்க போற இடம், தாத்தா. கண்ணாடிக் கதவு. யாராவது பார்த்துடுவாங்க" என்றாள்.

மறுநாள் அவளோடு நானும் கல்லூரிக்குப் போனேன். மூன்றாம் மாடி வரை ஏறி, வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அவளுக்குத் துணையாக அமர்ந்தவர் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு மலாய் மாணவி. முக்கால் மணி நேரம். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவி ஒரு முறைகூடப் பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் நடந்ததைப் பெண் சொன்னாள். முதலில், கேள்வித் தாளைப் படித்து அது என்ன கேட்கிறது என்று தன் சொற்களில் சொல்லச் சொன்னாளாம். பிறகு, கட்டுரையை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாளாம். இவள் நான் திருத்தாத தன் பழைய நான்கு பக்கத்தைத்தான் கொண்டு போயிருந்தாள். வாசிக்கும்போதே எங்கே தடுக்கிறது என்று இவளுக்கே தெரிந்துவிட்டது. பிறகு அந்த மாணவி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "எத்தனையோ இடம் இருக்க, நீ ஏன் செந்தூலை எடுத்தாய்?"

இவள் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவரும் பட்டறைத் தொழிலாளி. பட்டறைச் சங்கு ஊதினால்தான் வீட்டில் உலை வைப்பார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையால்தான் இங்கே தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. பின்னர் பட்டறைப் பணி பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பட்டறையின் பழைய கட்டடம் ஒன்று 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக விளங்குகிறது. "தாத்தா வேலை செஞ்ச இடத்துல இப்போ நாடகம் போடறாங்க. எங்க குடும்பத்துல யாரும் அதுக்குள்ள போனதில்லை" என்றாளாம். அந்த மாணவி, "இதுதான் உன் கட்டுரை. நீ எழுதியதில் இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாளாம்.

அது நான்காம் பக்கத்தில், கடைசிப் பத்தியில் இரண்டே வரியாக இருந்தது. அந்த இரண்டு வரியை "தேவையற்றது" என்று சிவப்பு மையால் அடித்தவன் நான்!

அதன் பிறகு மேலும் இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை நான் துணைக்குப் போகவில்லை. புதிதாக எழுதிய கட்டுரையை என்னிடம் காட்டவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நூற்றுக்கு 58 கிடைத்தது. பெரிய மதிப்பெண் அன்று. ஆனால் விரிவுரையாளர் அவளைக் கேள்வி கேட்டபோது அரை மணி நேரம் பேசினாளாம்.

மாணவர் கொள்ள வேண்டிய முறைகள்

இனி, கல்லூரி செல்லும் மாணவ மணிகள் எழுத்துத் துணையை எவ்வாறு பெறுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாலும் சரியே.

1. சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் கல்லூரியில் எழுத்து உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்டறியுங்கள். சில இடங்களில் மொழி மையம் என்பார்கள்; சில இடங்களில் நூலகத்தாரே செய்வார்கள். ஒன்றுமே இல்லையென்றால், விரிவுரையாளர் மாணவரைச் சந்திக்கும் நேரம் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவேனும் போங்கள். சொல்வதைக் கேட்டு மாற்றி எழுத நாள் வேண்டாமா?

3. வெறுங்கையோடு போகாதீர்கள். கேள்வித் தாள், மதிப்பெண் வழங்கும் விதிமுறை, நீங்கள் எழுதிய முதற்படி ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

4. "இதைத் திருத்திக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "என் கருத்து இரண்டாம் பத்தியில் விளங்குகிறதா?", "இந்தச் சான்று போதுமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கேள்வி கூர்மையானால் விடையும் கூர்மையாகும்.

5. பெரியதை முதலில் பாருங்கள். சிறியதைப் பிறகு பாருங்கள். கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறதா, என் முடிவு என்ன, பத்திகள் வரிசையாக உள்ளனவா, சான்று உண்டா என்பவை முதலில். எழுத்துப் பிழையும் இலக்கணமும் கடைசியில். நீக்கப் போகும் பத்தியில் காற்புள்ளி தேடுவது வீண் வேலை.

6. வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிப் போகும் பிழையைக் காது பிடித்துவிடும். நம் முன்னோர் நூலை அவையில் வாசித்து அரங்கேற்றியதன் பயன் இதுவே.

7. பிழைக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் எழுதியது, வலப்பக்கம் சரியானது, கீழே ஏன் அவ்வாறு எழுதினேன் என்பது. ஒரு தவணைக்குப் பின் பார்த்தால், நூறு பிழையும் ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்குவது தெரியும்.

8. பிறர் கருத்தை எடுத்தால் யாருடையது என்று எழுதுங்கள். எடுத்தாளும் முறை துறைக்குத் துறை மாறும். ஆகவே எந்த முறை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஒரு முறை போய் நின்றுவிடாதீர்கள். அடி மேல் அடி வைத்தால்தான் அம்மியும் நகரும்.

செய்யத் தகாதவை

கட்டுரை எழுதித் தருகிறோம், இத்தனை வெள்ளி கொடுங்கள் என்று கைப்பேசியிலேயே விளம்பரம் வருகிறது. இப்போதோ காசுகூட வேண்டியதில்லை. கேள்வியைத் தட்டினால் கணினியின் செயற்கை நுண்ணறிவே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. இதைப் பற்றி நான் உபதேசம் செய்யத் தகுதியற்றவன். காசு வாங்காமல் அதே வேலையைச் செய்தவன் நான். ஆயினும் ஒன்று சொல்வேன். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கலாம். இலக்கண விதியை விளக்கச் சொல்லலாம். உங்கள் கல்லூரி எதை அனுமதிக்கிறது என்பதை விரிவுரையாளரிடம் தெளிவாகக் கேட்டு அதன்படி நடக்கலாம். ஆனால் ஆளானாலும் இயந்திரமானாலும், உங்கள் கையிலிருக்கும் அரத்தைப் பிடுங்கிக்கொண்டால் அது துணையாகாது. நாளை வேலைக்கு நேர்முகத் தேர்வில், அலுவலக அறிக்கையில், நீங்கள் தனியே நிற்கும்போது அது வந்து நிற்காது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் தெரியாத நாம் எப்படி உதவுவது என்று தயங்க வேண்டாம். பிள்ளையை அழைத்து, "நீ என்ன எழுதியிருக்கிறாய், தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் அவர்கள் மனத்தில் கட்டுரை அமைந்துவிட்டது என்று பொருள். எங்கே விளங்கவில்லையோ அங்கேதான் கட்டுரையிலும் ஓட்டை இருக்கும். படிக்காத தாய்கூடச் செய்யக்கூடிய உதவி இது.

கோயில் மண்டபத்தில் ஓர் அறை

1982-இல் மலாயாப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா அவர்களின் தலைமையில் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியதை நாம் அறிவோம். பல்கலைக்கழக மாணவர்களே தொண்டர்களாக முன்வந்து இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பத்துமலையில் நடைபெற்ற கல்வி யாத்திரைகளில் கலந்துகொண்ட பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். படித்து மேலேறியவர் திரும்பிப் பார்த்துக் கை கொடுத்தால் ஒரு சமூகம் எழும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

அந்த வழியில் நாமும் சிறு முயற்சி ஒன்று தொடங்கியுள்ளோம். சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கும். ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம், கல்லூரி மாணவர் யாரும் வரலாம், கட்டணமில்லை. விதி ஒன்றே ஒன்று: துணைக்கு அமர்வோர் பேனாவைத் தொடக்கூடாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். அது முதலில் எனக்காகவே எழுதப்பட்டது.

முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பையன் வாசலில் நின்று தயங்கினான். உள்ளே ஒரு மேசையில் இருந்த பெண் எழுந்து போய், "வா தம்பி, நானும் இப்படித்தான் நின்னேன்" என்று அழைத்து வந்து உட்கார வைத்தாள். அவன் தாளை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்காமல், "நீயே வாசி, கேட்கிறேன்" என்றாள். அந்தப் பெண் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். படித்து முடித்த இளைஞர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களுக்குத் தாருங்கள். துணை கேட்பது இழுக்கன்று. கேட்க வேண்டிய நேரத்தில் கேளாமல் படிப்பை விடுவதே இழப்பு. எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருளால் நம் பிள்ளைகள் தம் கையால் எழுதி, தம் வாயால் விளக்கி, எந்த அவையிலும் நிமிர்ந்து நிற்பார்களாக!